குளியல்தொட்டியில் கிடந்த சுங்கக் காவலன்

மார்ச் 4, புதன். திருத்தம்: நேற்றைய குறிப்பில் சுங்கக் காவலன் செவெரின் ‘இறந்தான்’ என்று பதிந்தது பிழை. ‘குளியல்தொட்டியில் கிடக்கிறான்’ என்று மாற்றிப் படிக்கவும்.

இதை எழுதிவிட்டு சைமி ரவுத்தியோ குளியலறைக் கதவை இன்னொரு முறை திறந்து பார்த்தாள், திருத்தத்திலும் பிழை விட்டுவிடக் கூடாதே என்று. அவன் கிடந்தான். நூறு வருடத்துக்கு முந்தைய தையலில் கறுத்த கம்பளி மேலங்கி, பித்தளைப் பொத்தான்கள், இடது கையில் மட்டும் உறை. தொட்டி நிறையக் கடல்நீர், அதன் மேல் தகடு போலப் பனிக்கட்டி, அதற்கடியில் கண் மூடிய முகம். மூச்சு இல்லை, செத்தவனின் நிறமும் இல்லை. வீட்டுக்குள் நல்ல சூடு இருந்தும் பனிக்கட்டி உருகவில்லை. சைமி சமையலறையில் பல் துலக்கிவிட்டு, ராஹே ஊரின் கடைவீதியில் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். அன்று இரண்டு பேருக்குக் கண் பரிசோதித்து, இரண்டு பேருக்கும் எண்களை மூன்று முறை சரிபார்த்தாள். மற்ற நாட்களிலும் அவள் அப்படித்தான்.

செவெரின், வல்கோகாரித் தீவின் ஆள். வல்கோகாரி எந்தக் கடல்வரைபடத்திலும் இல்லை. பின்லாந்து முழுக்கச் சிதறிக் கிடக்கும் நாற்பது பேர் ஓர் இணைய மன்றத்தில் சேர்ந்து பதினான்கு வருடமாக எழுதிவரும் தீவு அது. காலம், மதுவிலக்குக் காலம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் உண்டு. அந்த ஆளாக நின்றே எழுத வேண்டும். ஒருவர் எழுதியதற்கு அடுத்தவர் எழுதும் பதில்தான் கதை. யாருக்கும் முழுக்கதை தெரியாது. ஆட்டத்தின் தலையாய விதி எல்லோருக்கும் மனப்பாடம்: கையை ஓங்குவது வரை உன் எழுத்து, அடி விழுந்ததா, எங்கே விழுந்தது என்பது வாங்குகிறவரின் எழுத்து. அடுத்தவர் ஆளின் உடம்பில் ஒரு கீறல்கூட அவர் சம்மதமில்லாமல் போடக் கூடாது. விதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். பல வருடம் முன்பு ஒரு குதிரைப் பந்தயத்தில் இருவர் போட்டி மும்முரத்தில் மூன்றாமவரின் குதிரையைக் கேட்காமல் கொன்றுவிட்டார்கள். வாசா நகரில் இருந்த அப்போதைய நடுவரின் நிலவறையில் அந்தக் குதிரை ஓர் இலையுதிர்காலம் முழுக்கப் படுத்திருந்தது. அவர் உருளைக்கிழங்கு மூட்டைகளை மாடிக்கு மாற்றிக்கொண்டார். போரி நகரில் ஒரு நடுவர் வீட்டில் புகைபோக்கியே இல்லாத கூரையிலிருந்து இரண்டு குளிர்காலம் புகை வந்தது; தீவில் அனுமதியில்லாமல் எரிக்கப்பட்ட ஒரு படகுக் கொட்டிலின் புகை. நியாயமாகச் செத்தவர்கள் ஒருவர் வீட்டுக்கும் வந்ததில்லை.

போன வசந்தத்திலிருந்து சைமிதான் நடுவர், வரலாற்றுக் குறிப்பும் அவளே எழுதினாள். வேறு யாரும் முன்வரவில்லை என்பதால் கிடைத்த பதவி என்று அவள் நினைத்தாள். அதை மற்றவர்களுக்கு நினைவூட்டவும் செய்தாள். குறிப்பை ஒழுங்காக எழுதப் பழகவேண்டும் என்று செவ்வாய்தோறும் ஊரின் மாலைக் கல்வி நிலையத்தில் வரலாறு எழுதும் வகுப்புக்குப் போனாள். ஆசிரியை அவள் எழுத்தைப் படித்துவிட்டு விபத்து அறிக்கை மாதிரி இருக்கிறது என்றார். சைமி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள், மூன்றாம் நாள் சந்தேகப்பட்டாள்.

நடந்தது இதுதான். செவெரினை எழுதியவன் ஒக்கோ. தம்பெரே நகரில் மின்தூக்கி பழுதுபார்ப்பவன், முப்பது வயது, செவெரினோடு பதினொரு வருடம். தூர்டிஸ் என்ற சாராயக் கடத்தல்காரியை எழுதியவர் ஹெல்லெவி. ஓலு நகரில் பல் மருத்துவ உதவியாளர், ஐம்பத்தெட்டு வயது. கடத்தல்காரி உறைந்த கடல் மேல் சறுக்குவண்டியில் டப்பாக்களை இழுத்துப் போவதும், காவலன் வேண்டுமென்றே மெதுவாகத் துரத்துவதும் மூன்று குளிர்காலமாக நடந்தது. இருவரும் வாய்ச்சண்டை போடுவதைப் படிக்கவே மற்றவர்கள் தங்கள் வேலையை வைத்துவிட்டு வருவார்கள். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் செவெரின் பேச்சை நிறுத்தினான். ஏன் மெதுவாகத் துரத்துகிறாய் என்று முதல் குளிர்காலத்தில் கேட்ட கேள்வியையே தூர்டிஸ் பனிவெடிப்பின் ஓரத்தில் நின்று மறுபடி கேட்டிருந்தாள், பதில் வரவில்லை. ஒருவர் பத்து நாளுக்கு மேல் பதில் எழுதாவிட்டால், கதை முடங்காமல் இருக்க நடுவர் ‘நகரலாம்’ என்று சொல்லலாம். அறிவிப்புப் பலகையில் ஒக்கோ விடுப்பு எதுவும் போடவில்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, சைமி ‘நகரலாம்’ என்றாள். அவனைச் சுற்றிக்கொண்டு நகருவார்கள் என்பது அவள் எண்ணம். ஹெல்லெவி அவன் வழியாக நகர்ந்தார். தூர்டிஸ் இரும்பு முனை வைத்த பனிக்கோலால் அவன் நெஞ்சில் தள்ளினாள், அவன் வெடிப்பில் விழுந்தான், பனி அவன் மேல் மூடிக்கொண்டது. ஹெல்லெவி எழுதியதிலேயே சிறந்த பக்கம் அது. வகுப்புக்குப் போகும் பேருந்தில் சைமி அதைப் படித்தாள். அங்கீகரித்து, ஓர் இதயக் குறியும் போட்டு, ‘இறந்தான்’ என்று பதிந்துவிட்டு இறங்கினாள். நல்ல எழுத்தாக இருந்ததால் விதி அவள் கண்ணில் படவில்லை.

காவல்துறையினர் வந்து பார்த்தார்கள். ஆளுக்கு அடையாள எண் இல்லை, தேடுவோர் இல்லை, நாடி இல்லை என்றாலும் மருத்துவர் இறப்பை எழுத மறுத்தார். ‘பொருள்’ என்று பதிந்துவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவர் அர்விட் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தொட்டியை ஓரங்களில் தட்டிப் பார்த்தார்.

“கீழ் வீட்டுக்கு ஒழுகுதா?”

“இல்ல.”

“அப்ப சரி. ரெண்டு வாரத்துக்கு மேல தங்கினா விருந்தாளின்னு எழுதித் தரணும். பொதுச் சவுனா முறைப் பட்டியல்ல அவர் பேரும் சேர்க்கணுமா?”

வேண்டாம் என்றாள் சைமி. அந்த வாரம் அவள் பொதுச் சவுனாவில், குடியிருப்பின் நீராவிக் குளியலறையிலேயே, குளித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஒக்கோ கூப்பிட்டான். கட்டாயப் படைப்பணி முடித்தவர்களை அழைப்பது போல ராணுவம் அவனையும் மறுபயிற்சிக்கு அழைத்திருந்தது. ஃபோனைப் பையில் போட்டுப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

“ரெண்டு வாரம் காட்டுல குழி வெட்டிட்டு வரேன். வந்து பார்த்தா தீவுல என்னை வெறும் பெட்டியில அடக்கம் பண்ணியாச்சு, என் பொண்டாட்டிக்கு ஆறுதல் சொல்ல மூணு பேர் வரிசையில நிக்கிறாங்க. ஒருத்தன் மீன் வேற கொண்டு வந்திருக்கான்.”

சைமி தன்மேல்தான் தவறு என்றாள். அது அவனுக்குப் போதவில்லை. பதினொரு வருடமாக ஒவ்வொரு நாளும் மின்தூக்கித் தண்டுக்குள் தொங்கும்போதெல்லாம் செவெரின் அடுத்து என்ன சொல்வான் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்ததாகவும், இப்போது தண்டுக்குள் தான் தனியாகத் தொங்குவதாகவும் அவன் சொன்னான். செவெரின் திரும்ப வரவில்லையென்றால் தானும் போவதாக, செவெரின் பேசிய அத்தனை வார்த்தைகளையும் மன்றத்திலிருந்து உருவி எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னான். பதினொரு வருட வார்த்தைகள். அவற்றை உருவினால் தீவில் பாதிப் பேர் காற்றோடு பேசிக்கொண்டு நிற்பார்கள்.

சைமி சனிக்கிழமை முழுவதும் விதிகளைப் படித்தாள். விதி மீறிய பதிவு செல்லாது என்பது தெளிவாக இருந்தது. மாலையில் ஹெல்லெவியின் பக்கத்தை அழித்தாள். தொட்டியில் பனிக்கட்டி மெலிந்தது போலத் தெரிந்தது. செவெரினின் உதட்டில் லேசாக நிறம் ஏறியது. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று அவள் ஓர் இரவு நம்பினாள். ஞாயிறு காலை காப்பி போடப் போனபோது சமையலறை நடுவில் தூர்டிஸ் நின்றாள். நாய்த்தோல் தொப்பி, ஆண்களின் காலணி, இரண்டு கையாலும் முன்னே நீட்டிய பனிக்கோல். கண் திறந்திருந்தது, அசைவில்லை. கோலின் முனை கூடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால் கதவைச் சாத்த முடியவில்லை. சைமி குனிந்து போய் காப்பி போட்டாள். அப்போதுதான் ஹெல்லெவி கூப்பிட்டார்.

“சைமி, அழிக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியாமா?”

“இல்ல.”

“நான் அவனை ஒரு வார்த்தை கேட்கலன்னுதானே அழிச்ச?”

சைமி கோலின் முனையைப் பார்த்தபடி நின்றாள். ஆமாம் என்றாள்.

அந்த வாரம் மன்றம் இரண்டாகப் பிரிந்தது. அடக்கத்தில் அழுதவர்கள், தங்கள் அழுகை செல்லாதா என்று கேட்டார்கள். இன்று ஒக்கோவின் ஆள் என்றால் நாளை என் ஆளா என்று மற்றவர்கள் கேட்டார்கள். சைமி வேறு யாரையாவது நடுவராகப் போடும்படி எழுதினாள்; இரண்டு பேரை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிப் பதவி விலகுவாய் என்று பதில் வந்தது. அது நியாயமாகப் பட்டதால், ஒக்கோவையும் ஹெல்லெவியையும் நேரில் வரச் சொன்னாள். இருவரும் மூன்று வருடம் தினமும் சண்டை போட்டவர்கள், முகம் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஹெல்லெவி குட்டையானவர், ரை தானிய மாவில் அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்ட அடைகளையும் அவித்த முட்டை மசித்த வெண்ணெயையும் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். ஒக்கோ நெடியவன், கோலுக்கு அடியில் மடிந்து வந்தான். நேராகக் குளியலறைக்குப் போய்த் தொட்டி விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஹெல்லெவி தூர்டிஸைச் சுற்றி வந்து பார்த்து, நான் நினைத்ததைவிட மூக்கு பெரிது என்றார். பிறகு மூவரும் மேசைக்கு வந்தார்கள்.

“பதில் வரலன்னா கொன்னுடறதா?” என்றான் ஒக்கோ.

“நீ அவனைப் பனிமேல நிக்க வெச்சுட்டுப் போயிட்டப்பா. தினம் காலையில காப்பியோட வந்து பார்ப்பேன். அப்படியே நிக்கிறான். இப்படி விட்டுட்டுப் போனவங்க எனக்கு ஏழு பேரு. ஒருத்தன் தேவாலயத்துல கையில மோதிரத்தோட நின்னான். நாலு வருஷம் ஆச்சு, இன்னும் நிக்கிறான். அதுக்கு செத்துப் போறது மேல்னு எனக்குப் பட்டுச்சு.”

“எனக்கும் படணும்ல?”

ஹெல்லெவி அடையில் வெண்ணெய் தடவினார்.

“அதோட, நான் சொல்லிட்டுத்தான் போனேன்,” என்றான் ஒக்கோ.

அறிவிப்புப் பலகையில் எதுவும் இல்லை என்று சைமி சொன்னாள். அவன் ஃபோனில் தேடி எடுத்து நீட்டினான். செவெரினின் கடைசிப் பேச்சு அது: மேலிடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், கொஞ்ச நாள் இங்கே இருக்க மாட்டேன். சைமி அதை இரண்டு முறை படித்தாள்.

“இதைச் சொன்னது செவெரின். நீ சொல்லலயே.”

“பலகைக்குப் போகணும், தேதி போடணும், பெட்டியை நிரப்பணும்… சோம்பேறித்தனம்,” என்றான் ஒக்கோ. “அவன் வாயிலயே போட்டுட்டேன்.”

ஹெல்லெவி கத்தியைக் கீழே வைத்தார். “அடப்பாவி. சுங்க மேலிடத்துக்குப் போய் என்னைக் காட்டிக்குடுக்கப் போறான்னு நினைச்சேன். அதனாலதான் தூர்டிஸ் கோலையே எடுத்தா.”

முதலில் சிரித்தது ஒக்கோ. அது நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது.

சைமி தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்; சரியா என்று தெரியவில்லை என்ற முன்னுரையோடுதான் சொன்னாள். ஹெல்லெவியின் பக்கத்தைக் கோல் மேலங்கியைத் தொடும் இடம் வரை மட்டும் திருப்பிப் போடலாம். அதற்குக் கீழே ஒக்கோவின் இடம். செவெரின் விலகலாம், விழலாம், நீந்தலாம், சாகலாம். அதை யாரும் அவனுக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. தீவில் மற்றவர்கள் அதற்கேற்பத் தங்கள் அழுகையைச் சரிசெய்துகொள்வார்கள் என்ற சம்மதத்தை அவளே ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கியிருந்தாள், மீன் கொண்டுவந்தவன் உள்பட. அவன் தப்பிவிட்டால் தூர்டிஸ் சிறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று ஒக்கோ கேட்டதற்கு, போகட்டும், அவள் ஜெயிலில் எப்படி இருப்பாள் என்று எழுத எனக்கும் ஆசைதான் என்றார் ஹெல்லெவி.

சைமி பொத்தானை அழுத்தினாள். தூர்டிஸ் கைகளைத் தாழ்த்தி, கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஓர் அடையைத் தின்றாள். குளியலறையில் பனிக்கட்டி வெடிக்கும் சத்தம் கேட்டது. செவெரின் மேலங்கி சொட்டச் சொட்ட வந்து, தன்னைக் கொன்றவளுக்கு எதிரே அமர்ந்தான். அவனுக்கு ஒக்கோ தட்டச்சு செய்த வார்த்தைகள் மட்டுமே வாயில் வரும். ஒக்கோ கழிப்பறைக்குப் போனபோது பேச்சு நடுவில் நின்று, வாயைத் திறந்தபடி காத்திருந்தான். ஹெல்லெவி அதைப் பார்த்துவிட்டு, நான் பட்டது இதுதான் என்று சைமியிடம் சொன்னார். திரும்பி வந்த ஒக்கோ தானும் பார்த்தான். உட்கார்ந்து வாக்கியத்தை முடித்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை ஒக்கோ செவெரினைக் கடலுக்குக் கூட்டிப் போனான். ராஹேக்கு முன்னால் கடல் இன்னும் உறைந்தே கிடந்தது. பனியில் துளையிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையசைத்தார்கள். குளிரில் ஒக்கோ கையுறையைக் கழற்றவில்லை, அதனால் செவெரினுக்குப் பேச்சில்லை. சேர்ந்து நடந்தார்கள். செவெரின் கால் வைத்த இடமெல்லாம் ஈரம் நின்றது. திரும்பி வந்த ஒக்கோ, அடக்கத்தில் எழுதப்பட்டவற்றை அன்று மாலை முதல்முறையாக முழுக்கப் படித்தான். செவெரினின் மனைவியை எழுதுபவர், வெறும் பெட்டிக்குள் அவனுடைய சவரக் கத்தியை வைத்திருந்தார். அவன் சவரம் செய்துகொள்வது யாருக்காவது நினைவிருக்கும் என்று ஒக்கோ எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு நண்பகல், சன்னலில் பனியின் வெளிச்சம் அடித்தது. ஒக்கோவும் ஹெல்லெவியும் ஒரே மேசையில் எதிரெதிரே கணினியைத் திறந்தார்கள். செவெரின் குளியலறை வாசலில் நின்றான், தூர்டிஸ் சமையலறையில். கோல் நீண்டு மேலங்கியைத் தொட்டது. தன் முறை வந்ததும் ஒக்கோ எழுதினான்: அவன் கால் வழுக்கியது, இடுப்பளவு நீரில் இறங்கினான், உறை போட்ட கையால் கோலைப் பிடித்தான். வாசலில் செவெரின் இறங்கினான். தரை ஓடு அவனுக்கு வழிவிட்டது. அவள் இழுத்தாள் என்று ஒக்கோ அடுத்து எழுதத் தொடங்கினான்.

“கையை எடு,” என்றார் ஹெல்லெவி. “அந்தக் கை என்னுது.”

ஒக்கோ கையை எடுத்தான். ஹெல்லெவிக்கு முழு உரிமை இருந்தது. இன்னொரு தள்ளல் எழுதலாம், கோலை விட்டுவிட்டு நடந்து போகலாம். அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று சைமி நினைத்தாள். நடுவர் குறுக்கே பேசக் கூடாது என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஹெல்லெவி எதிரே இருந்தவனைப் பார்க்கவில்லை, வாசலில் இருந்தவனைப் பார்த்தார். பிறகு எழுதினார்: தூர்டிஸ் மண்டியிட்டாள், முழங்காலைப் பனியில் ஊன்றி இழுத்தாள், அவளுக்கு அடியிலும் பனி வெடிக்கத் தொடங்கியது. சமையலறைத் தரையில் ஒரு கீறல் ஓடி, மேசைக்கால் வரை வந்தது.

இனி ஒக்கோவின் முறை. அவன் வெகுநேரம் எடுத்துக்கொண்டான். காப்பி ஆறியது. அவன் எழுதியது ஒரே வரி: அவள் முதல் குளிர்காலத்திலிருந்து கேட்டுவந்த கேள்விக்கு செவெரின் பதில் சொன்னான், பிறகு கையை உறைக்குள்ளிருந்து உருவிக்கொண்டான். பதில் என்ன என்பதைத் தனியே தட்டச்சு செய்தான், மன்றத்தில் போடவில்லை. செவெரின் அதைச் சொன்னபோது தூர்டிஸுக்கு மட்டும்தான் கேட்டது. அவளும் ஹெல்லெவியும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். தரை மூடிக்கொண்டது. தொட்டியில் மிச்சமிருந்த கடல்நீர் சாதாரணத் தண்ணீர் போலச் சத்தமிட்டுக்கொண்டு குழாயில் இறங்கிப் போனது. கோலின் முனையில் ஓர் உறை தொங்கியது.

ஒக்கோ கணினியை மூடி, முகம் கழுவப் போனான். திரும்பி வந்து, அடுத்து யாரை எழுதலாம் என்று இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும் பலகையில் போடுகிறேன், தேதியோடு, என்றான். பேருந்து நிறுத்தத்துக்கு அவனும் ஹெல்லெவியும் சேர்ந்தே போனார்கள். மீன்காரனுக்கு அந்த விதவை கிடைக்கக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

தூர்டிஸ் போகவில்லை. அவள் குற்றத்தை எழுதி முடிக்க ஈஸ்டர் பண்டிகை வரை ஆகும் என்று ஹெல்லெவி சொல்லியிருந்தார். ஐந்து பண்டிகைகள் வந்து போயின. அர்விட் கதவில் அவள் பெயரையும் ஒட்டினார். அவள் கோலால் முற்றத்துப் பனிக்கட்டியை உடைத்துப் பாதை போடுவாள், யாரும் வழுக்கி விழுவதில்லை என்று குடியிருப்புக் கூட்டத்தில் நன்றி பதிவானது. கோலிலிருந்து அந்த உறையை மட்டும் யாரையும் எடுக்க விடமாட்டாள். சைமியின் வகுப்பு ஆசிரியை ஒருமுறை வீட்டுக்கு வந்து தூர்டிஸோடு காப்பி குடித்துவிட்டும், விபத்து அறிக்கை என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று மாலை சைமி எழுதிய குறிப்பு இவ்வளவுதான்:

மார்ச் 15, ஞாயிறு. சுங்கக் காவலன் செவெரின் இறந்தான். எழுதியவர்: ஒக்கோ. இருமுறை சரிபார்க்கப்பட்டது, திருத்தம் இல்லை. நாளை: அறிவிப்புப் பலகையை முதல் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். தூர்டிஸுக்கு ஒரு மெத்தை வாங்க வேண்டும். தொட்டியில் படிந்த உப்பைத் தேய்க்க வேண்டும்.